யாரை முதலில் பார்ப்பது? செவிலியப் பணியில் முன்னுரிமை: ஓர் எளிய அறிமுகம்

காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரம். இரவுப் பணி முடித்தவர் நான்கு நோயாளிகளை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறார். முதல் படுக்கையில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள முதியவர். அவருக்கு மூச்சு வாங்குகிறது, ஆனால் மூன்று நாட்களாக அதே அளவில்தான் வாங்குகிறது, இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90 சதவீதம். இரண்டாம் படுக்கையில் நேற்று வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண். வலி தாங்கவில்லை என்று இரண்டு முறை மணி அடித்துவிட்டார். மூன்றாமவர் நிமோனியாவுக்காகச் சேர்ந்தவர். எட்டு மணிக்கு அவருக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட வேண்டும். நான்காமவர் நீரிழிவு நோயாளி. காலை இன்சுலின் போட்டாகிவிட்டது, உணவு இன்னும் வரவில்லை, "நன்றாகத் தூங்குகிறார், தொந்தரவு ஒன்றும் இல்லை" என்று குறிப்பேட்டில் இருக்கிறது.

பயிற்சிக்குப் புதிதாக வருபவர்களிடம் யாரை முதலில் பார்ப்பீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் முதல் படுக்கையைச் சொல்வார்கள். மூச்சுதான் முதலில் என்று படித்திருப்பார்கள். சிலர் மணியோசை கேட்ட இரண்டாம் படுக்கைக்குப் போவார்கள். போக வேண்டியது நான்காம் படுக்கைக்கு. இன்சுலின் உள்ளே போயிருக்கிறது, உணவு போகவில்லை, ஆள் அசையாமல் கிடக்கிறார். அது வெறும் தூக்கமாகவும் இருக்கலாம், இரத்தச் சர்க்கரை தாழ்ந்து நினைவு மங்கிக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். தோளைத் தட்டி எழுப்பிப் பார்க்கவும், விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் வைக்கவும் ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் விட்டால், சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வழக்கம் அதிகம் இல்லாத மூளைதான் அதற்கு விலை கொடுக்கும்.

செவிலியப் பணியில் முன்னுரிமை என்ற சொல்லின் பொருள் இவ்வளவுதான்: யாரைப் பார்க்கத் தாமதித்தால் மிக விரைவில் கேடு நேரும் என்ற கேள்விக்கான விடை. நோயின் பெயர் எவ்வளவு பெரியது என்பதை வைத்து அந்த விடை கிடைக்காது. யார் உரக்க அழைக்கிறார் என்பதை வைத்தும் கிடைக்காது. அமைதியாகக் கிடக்கும் நோயாளியைப் பற்றித்தான் நான் எப்போதும் கூடுதலாகக் கவலைப்படுவேன்.

மூச்சுவழி, சுவாசம், இரத்த ஓட்டம்

செவிலியர் கற்கும் முதல் வரிசை இது. ஏர்வே, பிரீதிங், சர்க்குலேஷன் என்ற ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏபிசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நினைவுநிலையைப் பார்த்தல், போர்வையை விலக்கி உடல் முழுவதையும் பார்த்தல் ஆகிய இரண்டும் இதன் பின்னே சேரும். இந்த வரிசை வெறும் மனப்பாடத்திற்காக அமைந்ததல்ல. மூச்சுவழி முழுவதும் அடைபட்டால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். மூச்சுவழி திறந்திருந்தும் சுவாசம் போதாவிட்டால் இன்னும் சிறிது நேரம் கிடைக்கும். மெதுவான இரத்தக் கசிவு அதைவிடவும் கொஞ்சம் அவகாசம் தரும். எது முதலில் உயிரைப் பறிக்குமோ அது முதலில் என்பதே வரிசையின் அடிப்படை. இதயம் நின்றுபோனவருக்கு இவ்வரிசை மாறும். 2010இல் அமெரிக்க இதயச் சங்கம் தன் வழிகாட்டுதலைத் திருத்தியதிலிருந்து, அவருக்கு முதலில் செய்வது மார்பு அழுத்தம். கண்ணெதிரே பீறிடும் இரத்தப்போக்கையும் முதலில் அழுத்தி நிறுத்திவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார்கள்.

உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் முன்வைத்த தேவைகளின் படிநிலையையும் செவிலியப் பாடத்தில் சேர்த்துக் கற்பிக்கிறார்கள். உடல் தேவைகள் அடித்தட்டு, பாதுகாப்பு அதற்கு மேல், அன்பும் மதிப்பும் அதற்கும் மேல். உடனடி ஆபத்து எதுவும் இல்லாத நோயாளிகளிடையே அன்றைய வேலைகளை ஒழுங்குபடுத்த அது உதவும்; நெருக்கடியில் ஏபிசிதான் கைகொடுக்கும்.

ஆனால் ஏபிசியையும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த முடியாது என்பதற்கு நம் முதல் படுக்கை முதியவரே சாட்சி. அவருக்கு இருப்பது சுவாசத் தொல்லைதான். ஆயினும் அது நேற்றும் முந்தாநாளும் இருந்த அதே தொல்லை. நான்காமவருக்கு நேர்ந்திருக்கக்கூடியது கடந்த ஒரு மணி நேரத்தில் புதிதாக நேர்ந்தது. நாள்பட்டதைவிடத் திடீரென வந்தது முந்தும். நிலையாக இருப்பதைவிட மாறிக்கொண்டிருப்பது முந்தும். ஒரே ஒரு முறை அளந்த எண்ணைவிட, நேற்றிலிருந்து இன்றுவரை அந்த எண் போகும் திசை அதிகம் சொல்லும். நாடித்துடிப்பு 96 என்பது இயல்பான எண்தான். ஆனால் காலையில் 72, நண்பகலில் 84, இப்போது 96 என்றால் அது எதையோ சொல்ல வருகிறது.

இந்தத் திசையை எண்ணாக்கிக் காட்டவே எச்சரிக்கை மதிப்பெண் முறைகள் வந்தன. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய நியூஸ் (தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண்) என்ற முறை அவற்றில் பரவலானது. சுவாச எண்ணிக்கை, ஆக்சிஜன் செறிவு, இரத்த அழுத்தத்தின் மேல் எண், நாடித்துடிப்பு, நினைவுநிலை, உடல் வெப்பம் என்ற ஆறுக்கும் மதிப்பெண் இட்டு, நோயாளி செயற்கையாக ஆக்சிஜன் பெற்றுக்கொண்டிருந்தால் அதற்கும் மதிப்பெண் சேர்த்துக் கூட்டுவார்கள். மொத்தம் 5 வந்தால் மருத்துவர் விரைந்து பார்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் அவசரநிலை. இம்முறையில் நிமிடத்திற்கு 25 அல்லது அதற்கு மேற்பட்ட சுவாசம் ஒன்றே 3 மதிப்பெண் பெற்றுவிடும்.

அப்படியிருந்தும் வார்டுகளில் மிக அலட்சியமாக எண்ணப்படுவது சுவாசம்தான். நாடியைக் கருவி சொல்லிவிடும், செறிவையும் கருவி சொல்லிவிடும். சுவாசத்தை மனிதர்தான் எண்ண வேண்டும், எனவே பல குறிப்பேடுகளில் எல்லோருக்கும் 18 அல்லது 20 என்று ஒரே எண் வரிசையாக இறங்கும். எண்ணும் முறை எளிது. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டில் விரல்களை வைத்து, அந்தக் கையை நோயாளியின் மார்பின் மேலோ வயிற்றின் மேலோ சாய்த்துக்கொள்ளுங்கள். நாடியை எண்ணி முடித்த பிறகும் விரல்களை எடுக்காமல், மார்பு ஏறி இறங்குவதை முழுதாக 60 விநாடிகள் எண்ணுங்கள். சுவாசத்தை எண்ணப்போகிறேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் மூச்சின் போக்கு மாறிவிடும். அந்த ஒரு நிமிடத்தில் எண்ணிக்கை மட்டும் கிடைப்பதில்லை. கழுத்துத் தசைகள் இழுக்கின்றனவா, விலா இடைவெளிகள் உள்வாங்குகின்றனவா, மூக்கு விடைக்கிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் கண்ணில் படும். நலமாக உள்ள வயது வந்தவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு.

மூச்சுத்திணறல்: ஒரே முறையீடு, பல காரணங்கள்

மூச்சு முட்டுகிறது என்று ஒருவர் சொன்னால், காரணம் தெரிவதற்கு முன்பே செவிலியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நினைவோடு இருப்பவரை, இரத்த அழுத்தம் தாழ்ந்திராவிட்டால், நிமிர்த்தி உட்கார வைப்பது. உதரவிதானம் கீழிறங்க இடம் கிடைக்கும்; இதயச் செயலிழப்பு உள்ளவராக இருந்தால் கால்களிலிருந்து இதயத்திற்குத் திரும்பும் இரத்தமும் சற்றுக் குறைந்து நுரையீரலின் சுமை இறங்கும். கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்த யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அதன் பிறகு செறிவை அளந்து, மருத்துவர் குறிப்பிட்ட இலக்குக்கு ஏற்ப ஆக்சிஜன் கொடுக்கலாம்.

இலக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. பெரும்பாலான நோயாளிகளுக்கு 94 முதல் 98 சதவீதம் வரை வைப்பார்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் கரியமில வாயு உடலில் தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும். அதற்கு மேல் ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தால் அந்தத் தேக்கம் மேலும் கூடி, நோயாளி மெல்ல அரைத்தூக்கத்தில் ஆழ்ந்துவிடலாம். ஆகவே முதல் படுக்கை முதியவரின் 90 அவருக்கு நல்ல எண். அதைக் கண்டு பதறி ஆக்சிஜனை முழுதாகத் திறந்துவிடும் நல்லெண்ணம்தான் அங்கே ஆபத்து. அவருடைய செறிவோடு அவர் எவ்வளவு விழிப்பாகப் பேசுகிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆஸ்துமாவில் வீசிங் எனப்படும் விசில் போன்ற ஒலி கேட்டால் காற்று இன்னும் போய்வருகிறது என்று பொருள். கடுமையாக மூச்சுத் திணறுபவரின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் ஒலியே கேட்கவில்லை என்பது நிம்மதிக்குரிய செய்தியல்ல. ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று நகரவில்லை என்பதே அதன் பொருள், அந்த நொடியே மருத்துவரை அழைக்க வேண்டும். ஒரே மூச்சில் முழு வாக்கியம் பேச முடிகிறதா, இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை நிறுத்துகிறாரா என்பது கருவியே இல்லாத ஓர் அளவுகோல். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை நெபுலைசர் கருவியால் புகையாக்கிக் கொடுத்த பின் இதயம் வேகமாகத் துடிப்பதும் கை நடுங்குவதும் மருந்தின் விளைவுகள் என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவர் பயப்பட மாட்டார்.

நிமோனியாவில் ஆன்டிபயாட்டிக்கை நேரம் தவறாமல் கொடுப்பதும், தடை இல்லாதவரைப் போதிய நீர் குடிக்க வைத்துச் சளியை இளக்குவதும், ஆழ்ந்து மூச்சிழுத்து இரும வைப்பதும் செவிலியரின் அன்றாட வேலை. ஒரு நுரையீரல் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் நல்ல நுரையீரல் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பது செறிவை உயர்த்த உதவும். கீழ்ப்புறத்திற்கு இரத்தம் அதிகம் பாயும், அங்கே காற்றும் நன்றாகப் போய்வருமானால் இரண்டும் சந்திக்கும்.

இதயச் செயலிழப்பில் விலையுயர்ந்த கருவிகளைவிட எடை பார்க்கும் இயந்திரம் பயன் மிக்கது. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இயந்திரத்தில், காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஏறக்குறைய ஒரே கனமுள்ள ஆடையுடன் எடை பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடை திடீரெனக் கூடினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உடலில் தங்கிவிட்டது என்று கணக்கு. கால் வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். நீர் பிரிய வைக்கும் ஃபுரோசெமைடு மருந்து கொடுக்கும்போது நீருடன் பொட்டாசியமும் வெளியேறும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். எனவே இந்த மருந்தைக் கையில் எடுக்கும் செவிலியர் இரத்த அழுத்தத்தையும் அண்மைய பொட்டாசிய அளவையும் பார்த்துவிட்டே கொடுப்பார்.

மார்பு வலியும் பக்கவாதமும்: கடிகாரம் ஓடும் நோய்கள்

மார்பு வலி என்று சொன்னவரை நடக்க விடாமல் அந்த இடத்திலேயே ஓய்வாக வைத்து, 10 நிமிடத்திற்குள் ஈசிஜி எடுத்து மருத்துவர் கண்ணில் காட்டிவிட வேண்டும். மாரடைப்பு என்ற ஐயம் இருந்து, ஒவ்வாமையோ இரத்தப்போக்கோ இல்லாவிட்டால், ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள். மென்றால் விரைவாக உறிஞ்சப்படும். நாக்கின் கீழ் வைக்கும், இரத்த நாளங்களை விரிக்கும் நைட்ரோகிளிசரின் கொடுப்பதற்கு முன் இரத்த அழுத்தத்தைப் பார்ப்பதோடு, ஆண்மைக் குறைவுக்கு எடுக்கும் சில்டெனாஃபில் போன்ற மாத்திரை எதையாவது அண்மையில் எடுத்தாரா என்றும் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் அபாயகரமாக இறங்கிவிடும். கூச்சத்தால் இந்தக் கேள்வியைத் தவிர்ப்பவர்கள் உண்டு. தனிமையில், இயல்பான குரலில் கேட்டால் பதில் வந்துவிடும். பெண்கள், முதியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோரிடம் மாரடைப்பு மார்பு வலியாகவே வராமல் மூச்சுத்திணறல், குமட்டல், விவரிக்க முடியாத களைப்பு என்றும் வரலாம்.

பக்கவாதத்தில் செவிலியர் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி, "எப்போது விழுந்தார்?" என்பதல்ல; "கடைசியாக எப்போது நன்றாக இருந்ததைப் பார்த்தீர்கள்?" என்பது. காலையில் எழும்போதே கை வரவில்லை என்றால், கணக்கு தொடங்குவது இரவு படுக்கப்போன நேரத்திலிருந்து. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நான்கரை மணி நேரத்திற்குள் போட வேண்டியிருப்பதால், வீட்டார் சொல்லும் அந்த ஒரு நேரத்தை வைத்தே சிகிச்சை முடிவாகிறது. சர்க்கரை தாழ்ந்தாலும் வாய் குழறி ஒரு பக்கம் தளரக்கூடும் என்பதால் உடனே அதையும் அளந்துவிட வேண்டும். விழுங்கும் திறனைச் சோதிக்கும் வரை வாய் வழியாகத் தண்ணீரோ மாத்திரையோ எதுவும் கூடாது. அக்கறையோடு உறவினர் கொடுக்கும் ஒரு வாய்த் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறுவது வழக்கமாக நடப்பதுதான். ஆகவே அவர்களிடமும் காரணத்தோடு சொல்லிவைக்க வேண்டும்.

நான்காம் படுக்கை

இப்போது அந்த நீரிழிவு நோயாளியிடம் திரும்புவோம். தோளைத் தட்டியதும் கண் விழிக்கிறார். ஆனால் நெற்றியில் வியர்வை, கை சில்லிட்டிருக்கிறது, பெயரைக் கேட்டால் சற்றுத் தாமதித்துச் சொல்கிறார். குளுக்கோமீட்டர் 48 காட்டுகிறது. டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே என்றால் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டியது. அடுத்த கேள்வி, அவரால் விழுங்க முடிகிறதா என்பது. முடிந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளப்பார்கள்; 70ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. சாக்லேட் போன்றவற்றை இந்த நேரத்தில் கொடுப்பது பயன் தராது, கொழுப்பு சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியிருந்தால் வாய் வழியாக எதுவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருத்துவரின் உத்தரவுப்படி சிரை வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலைப் போடுவார்கள், சிரை கிடைக்காவிட்டால் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் ஊசி.

சர்க்கரை மிக உயர்ந்து கீட்டோன் அமிலம் சேரும் நிலை இதற்கு நேர்மாறானது. நோயாளி உலர்ந்துபோய், ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுவார். மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வரும். அங்கே முதலில் வேண்டுவது இன்சுலின் என்றுதான் பலர் நினைப்பார்கள். முதலில் வேண்டுவது நீர், அதாவது சிரைவழித் திரவம். பொட்டாசிய அளவு தெரியாமல் இன்சுலினைத் தொடங்குவதும் கூடாது. இன்சுலின் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளிவிடும், ஏற்கெனவே குறைந்திருந்தால் இதயம் தாளம் தப்பும். லிட்டருக்கு 3.3 மில்லிஈக்விவலண்டுக்குக் கீழே இருந்தால் பொட்டாசியத்தை முதலில் ஈடுகட்டுவது நீண்டகால நடைமுறை.

இரண்டாம் படுக்கை

குளுக்கோஸ் கொடுத்துவிட்டு 15 நிமிடம் காத்திருக்கும் இடைவெளியில் இரண்டாம் படுக்கைக்குப் போகலாம். வலிக்கு 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொன்னால் அந்தப் பெண் 8 என்கிறார். மருந்துச் சீட்டில் வலிநிவாரணி இருக்கிறது, நேரமும் ஆகிவிட்டது. கொடுத்துவிட்டு நகர்வது சுலபம். ஆனால் இரவு 4 ஆக இருந்த வலி ஏன் 8 ஆனது?

நாடி 118. இரத்த அழுத்தம் 112க்கு 80. அழுத்தம் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். நலமாக இருந்த ஒருவர் உடலின் இரத்தத்தில் கால் பங்கை இழந்தாலும்கூட நாளங்கள் சுருங்கி மேல் எண்ணைத் தாங்கிப் பிடித்துவிடக்கூடும். முதலில் நாடி ஏறும், மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி குறுகும், ஆள் அமைதியிழப்பார், சிறுநீர் குறையும். அழுத்தம் விழுவது கடைசியில். சிறுநீர்ப் பையைப் பார்த்தால் கடந்த இரண்டு மணி நேரத்தில் 40 மில்லிலிட்டர் மட்டுமே சேர்ந்திருக்கிறது. அவருடைய எடை 60 கிலோ. கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டர் என்று வைத்தால் 60 வந்திருக்க வேண்டும். காயக் கட்டு மேலே உலர்ந்திருக்கிறது. கையுறை அணிந்த கையை இடுப்புக்கும் மெத்தைக்கும் இடையே நுழைத்துப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் உதவும், ஏனெனில் கட்டின் ஓரத்தில் கசியும் இரத்தம் பக்கவாட்டில் வழிந்து முதுகுக்கடியில் தேங்கும். இங்கே கையில் எதுவும் ஒட்டவில்லை. ஆனால் வயிறு தொட்டால் விறைப்பாக இருக்கிறது. உள்ளே கசிகிறது என்று ஐயப்பட இவ்வளவு போதும்.

இதற்காக வலியை இரண்டாந்தரமாக நினைத்துவிடக் கூடாது. வலி தீராதவர் ஆழமாக மூச்சிழுக்க மாட்டார், இரும மாட்டார், எழுந்து நடக்க மாட்டார்; அதனால் சளி தேங்கும், காலில் இரத்தம் உறையும். வலிநிவாரணி கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் அளந்து பார்த்துவிட்டு. மார்ஃபின் போன்றவற்றைக் கொடுத்த பின் சுவாச எண்ணிக்கையோடு மயக்கத்தின் அளவையும் பார்க்க வேண்டும். சுவாசம் குறைவதற்கு முன்பே பெரும்பாலும் அரைத்தூக்கம் வந்துவிடும்.

இத்தகைய நேரத்தில் மருத்துவரை அழைத்து, "சிஸ்டர் பேசுகிறேன், அந்த நோயாளிக்கு என்னவோ சரியில்லை" என்று சொன்னால் பதில் தெளிவாக வராது. ஆங்கில முதலெழுத்துகளால் எஸ்பார் (SBAR) எனப்படும் நான்கு படி முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள். நம் நோயாளிக்கு அது இப்படி அமையும்: "இரண்டாம் படுக்கையில் உள்ளவருக்கு நாடி 118, வலி 4இலிருந்து 8 ஆகியிருக்கிறது. நேற்று வயிற்று அறுவை முடிந்தவர், இரவு முழுவதும் நாடி 80க்குள் இருந்தது. வயிறு விறைப்பாக இருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் 40 மில்லி சிறுநீர்தான் வந்திருக்கிறது. உள்ளே இரத்தம் கசிகிறது என்று நினைக்கிறேன். உடனே வந்து பார்க்க வேண்டும். வருவதற்குள் இரத்தச் சிவப்பணுப் பரிசோதனைக்கு எடுத்துவைக்கட்டுமா?" இருபது விநாடியில் முடிந்துவிடும் பேச்சு இது. மதிப்பீட்டைச் சொல்லப் புதியவர்கள் தயங்குவார்கள், நோயைப் பெயரிடுவது தம் வேலையா என்று. நினைப்பதைச் சொல்வது தவறல்ல. கண்டதை மறைப்பதுதான் தவறு.

மூன்றாம் படுக்கையும் தொற்றும்

எட்டு மணி ஊசி வழக்கமான வேலை என்று தோன்றினாலும், போடும் முன் அந்த நோயாளியையும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். தொற்று உடல் முழுவதையும் தாக்கும் செப்சிஸ் நிலைக்கு நிமோனியாதான் மிக வழக்கமான வாசல். வேகமான சுவாசம், வேகமான நாடி, புதிதாக வந்த குழப்பம், தாழும் அழுத்தம், குறையும் சிறுநீர் ஆகியவை அதன் அடையாளங்கள். காய்ச்சல் இருந்தாக வேண்டும் என்பதில்லை. முதியவர்களில் உடல் வெப்பம் இயல்புக்குக் கீழே போவதும் உண்டு, அது இன்னும் கவலைக்குரியது. இரத்த அழுத்தம் சரியும் செப்சிஸ் அதிர்ச்சி நிலை என்று ஐயம் எழுந்தால் ஒரு மணி நேரத்திற்குள் ஆன்டிபயாட்டிக் போக வேண்டும். கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்கான இரத்தத்தை அதற்கு முன் எடுக்க வேண்டும், ஆனால் அதற்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது. முதல் முறை போடும் ஆன்டிபயாட்டிக் என்றால் ஒவ்வாமை கேட்பதும், போட்ட பின் சற்று நேரம் அருகில் இருப்பதும் வழக்கம்.

இரத்தம் ஏற்றும்போதும் இதே கவனம் தேவை. முதல் 15 நிமிடம் அருகிலேயே இருக்க வேண்டும். நடுக்கம், இடுப்பு வலி, மூச்சுத்திணறல் என்று எது வந்தாலும் முதல் செயல் இரத்தத்தை நிறுத்துவது. அழைப்பதும் எழுதுவதும் அதன் பிறகு. சிரையில் செருகிய ஊசியை எடுத்துவிடாமல், புதிய குழாய் மாற்றி சலைன் ஓடவிட வேண்டும், ஏனெனில் அடுத்த மருந்து அந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

மெதுவாக வரும் கேடுகள்

படுக்கைப்புண் யாரையும் அரை மணி நேரத்தில் கொல்வதில்லை. ஆகவே முன்னுரிமைப் பட்டியலில் எப்போதும் கடைசிக்குத் தள்ளப்பட்டு, ஒரு நாள் எலும்பு தெரியும் அளவில் வந்து நிற்கும். 1987இல் வெளியான பிரேடன் அளவுகோல் உணர்வு, ஈரம், அசைவு, நடமாட்டம், ஊட்டம், உராய்வு என்ற ஆறையும் பார்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் தரும். எண் குறையக் குறைய அபாயம் கூடும், 18 அல்லது அதற்குக் கீழே என்றால் தடுப்பு வேலைகளைத் தொடங்க வேண்டும். வாலெலும்பின் மேல், குதிகாலில், இடுப்பு மூட்டின் பக்கத்தில் தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பின் சிவந்தால் இன்னும் இரத்தம் ஓடுகிறது. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் அது முதல் கட்டப் புண், தோல் கிழியாவிட்டாலும். கருமையான தோலில் சிவப்பு தெரியாது; சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ மெத்தென்றோ இருப்பதைக் கையால்தான் உணர முடியும். அப்படிச் சிவந்த இடத்தைத் தேய்த்துவிடும் பழைய பழக்கத்தைக் கைவிட வேண்டும், அடித்திசு இன்னும் சிதையும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பும்போது முழுப் பக்கவாட்டில் வைக்காமல் 30 பாகை சாய்வில் தலையணை அணைகொடுப்பதும், குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கடியில் தாங்கல் வைப்பதும் நல்லது.

கீழே விழாமல் காப்பது இதைவிட எளிது. கட்டில் தாழ்ந்த நிலையில், சக்கரங்கள் பூட்டியபடி, அழைப்பு மணி கைக்கெட்டும் தூரத்தில். முதியவர்கள் பெரும்பாலும் கழிப்பறைக்குப் போக எழும்போதுதான் விழுகிறார்கள் என்பதால், கேட்பதற்கு முன்பே நேரம் வைத்து அழைத்துப்போவது எந்தக் கம்பித் தடுப்பையும்விடப் பயன் தரும்.

எழுதும் முறை

மதிப்பீடு, செவிலிய நோயறிதல், திட்டமிடல், செயல்படுத்தல், மறுமதிப்பீடு என்ற ஐந்து படிகளை மாணவர்கள் கட்டம் போட்டு எழுதுவார்கள். அதில் அடிக்கடி காணப்படும் வரி, "உயிர்க்குறிகளைக் கண்காணிக்கவும்" என்பது. இந்த வரியை வைத்து அடுத்த ஷிஃப்டில் வருபவர் எதுவும் செய்ய முடியாது. எவ்வளவு நேரத்திற்கு ஒருமுறை, எந்த எண்ணைத் தாண்டினால் யாரை அழைப்பது என்று இருந்தால்தான் அது திட்டம். "15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி; 120ஐத் தாண்டினாலோ மேல் அழுத்தம் 100க்குக் கீழே போனாலோ அறுவை மருத்துவரை அழைக்கவும்" என்பது ஒரு வரிதான், ஆனால் அதைப் படிப்பவருக்கு வேலை தெரிந்துவிடும். வேலையைப் பகிரும்போதும் இதே தெளிவு வேண்டும்: நிலையாக உள்ளவரின் எடை பார்க்கவும், திருப்பிப் படுக்க வைக்கவும் உதவியாளரிடம் சொல்லலாம்; புதிதாக மாறியிருக்கும் நோயாளியை மதிப்பிடும் வேலையைச் செவிலியர் பிறரிடம் விட முடியாது.

செய்த பின் திரும்பிப் பார்ப்பதுதான் நேரமில்லாத நாளில் முதலில் விடுபடும் படி. நான்காம் படுக்கையில் 15 நிமிடம் கழித்து அளந்தபோது 66. இன்னொரு 15 கிராம். மீண்டும் 15 நிமிடம். இப்போது 94, வியர்வை அடங்கிவிட்டது, பெயரைத் தயங்காமல் சொல்கிறார், உணவும் வந்துவிட்டது. மாலையில் ஒப்படைக்கும்போது அவருடைய குறிப்பு இப்படி இருக்கும்: "காலை 7.40க்கு 48, இன்சுலினுக்குப் பின் உணவு 40 நிமிடம் தாமதம். குளுக்கோஸ் இரண்டு முறை, 8.10க்கு 94. மருத்துவருக்குச் சொல்லப்பட்டது. இரவு உணவு கட்டிலுக்கு வந்த பிறகே இன்சுலின் போடவும். தூங்கினால் எழுப்பிப் பார்க்கவும்."